வானிலை அறிவும் மின்வலுக் காவலும்

சோளகம் ஓய்ந்து வாடை எழுங் காலத்தைக் கடலோடிகள் மேகத்தாலும் நீரோட்டத்தாலும் அறிந்தனர். உழவர் அதற்கிசைய விதைப்பு நாளைக் குறித்தனர். வருவதை முன்னறிந்து நடத்தல் எம்மவர்க்குப் புதிதன்று. புதிது யாதெனின், இன்று எமது வாழ்வு மின்கம்பியை நம்பி நிற்பதேயாம். கிணற்று நீரும், சத்திரசிகிச்சைக் கூடமும், தொலைபேசியும் அக்கம்பி அறுந்தால் நின்றுவிடும். ஆதலின் வானிலை எதிர்வுகூறலானது குடை எடுப்பதா விடுப்பதா என்பதை அறிதற்குரிய செய்தி மாத்திரமன்று. மின்வலுவுக்கு முதல் அரணுமாகும்.

இத்துறையின் வளர்ச்சி வியக்கத்தக்கது. செய்மதிகளும் றேடார்களும் கடல்மிதவைகளும் திரட்டுந் தரவுகளைக் கொண்டு கணினிகள் நாளைய வளிமண்டலத்தைக் கணிக்கின்றன. தொடக்க அளவீட்டிலுள்ள சிறு பிழையும் நாட்செல்லப் பெருகுமாதலின், அவ்வளவீடுகளைச் சிறிது சிறிது மாற்றிப் பலமுறை கணிக்கின்றனர். ஐரோப்பிய மத்தியதூர வானிலை எதிர்வுகூறல் நிலையம் இவ்வாறு ஒரே வேளையில் 50க்கு மேற்பட்ட கணிப்புக்களைச் செய்கின்றது. அவை ஒரே கரையைச் சுட்டின் நம்பிக்கை மிகும், சிதறின் குறையும். 2025 பெப்ருவரியில் அந்நிலையம் செயற்கை நுண்ணறிவாலான கணிப்பு முறையையும் நடைமுறைக்குக் கொணர்ந்தது.

மின்வலுத் துறைக்கு இதனாலாய பயன் பெரிது. காற்றின் வேகம் இருமடங்கானால் அதிலுள்ள வலு எண்மடங்காகும். ஆகவே வேகக் கணிப்பில் 10 வீதப் பிழை, மின்னுற்பத்திக் கணிப்பில் ஏறத்தாழ 30 வீதப் பிழையாக முடியும். பளையிலும் மன்னாரிலும் காற்றாலைகள் சுழலும் இந்நாளில் இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. மலைநாட்டு நீர்த்தேக்கங்களின் நிலையும் அத்தகையதே. நீரைத் தேக்கிவைத்தால் பெருமழையில் வெள்ளம். முன்னரே திறந்துவிட்டு மழை பொய்த்தால் மின்பஞ்சம்.

2025 பெப்ருவரி 9ஆந் தேதி, மின்தேவை குறைந்த ஞாயிற்றுக்கிழமையில், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கினால் விளைந்த பழுது நாடு முழுவதையும் மின்னிழக்கச் செய்தது. பழுதுக்கு வானிலை காரணமன்று. ஆயின் சூரிய மின்சாரம் மிக்கிருந்த அவ்வேளையில், அதிர்ச்சியைத் தாங்கவல்ல கனத்த சுழற்பொறிகள் குறைவாகவே ஓடின. நாளைய வெயிலை அறிந்தவரே நாளைக்கு எத்தனை பொறிகளை ஓடவிடவேண்டும் என்பதையும் அறிவர்.

எனினும் எதிர்வுகூறல் மாத்திரம் எவரையுங் காவாது. வங்கக் கடலின் மேற்குக் கரையிலுள்ள ஒடிசா மாநிலம் இதற்குச் சான்று. 1999ஆம் ஆண்டுப் பெரும்புயலில் அங்கு ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். 2019 மே மாதத்தில் ஃபானி புயல் வந்தபோதோ, 10 இலட்சத்துக்கு மேற்பட்டோர் முன்னரே அகற்றப்பட்டனர். மாண்டோர் 100க்குங் குறைவு. ஆயின் மின்கம்பங்கள் பெருந்தொகையாய் வீழ்ந்தமையால் பூரிப் பகுதி மக்கள் பலர் கிழமைக்கணக்கில் மின்னின்றி வாடினர். மக்களைக் காத்த முன்னேற்பாடு மின்வழங்கலைக் காக்கும் அளவுக்கு வளர்ந்திருக்கவில்லை.

எமது நாட்டிலே 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. பல மாவட்டங்களில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றன. மின் அற்றபின் எச்சரிக்கை எவ்வழியாற் செல்லும்? மின்னைக் காக்க எச்சரிக்கை வேண்டும். எச்சரிக்கையைக் கொண்டுசெல்ல மின் வேண்டும்.

ஆகவே ஒவ்வோர் எதிர்வுகூறலும் செய்யவேண்டிய கருமங்களோடு பிணைக்கப்படல் வேண்டும் என்பதே எமது கருத்து. புயலுக்கு மூன்று நாள் முன் எவ்வீதி மரக்கிளைகளை வெட்டுவது, பழுதுபார்ப்போரை எங்கே நிறுத்துவது, வைத்தியசாலைகளினதும் தொலைபேசிக் கோபுரங்களினதும் மின்பிறப்பாக்கிகளுக்கு எவர் எரிபொருள் நிரப்புவது என்பன அமைதிக் காலத்திலேயே எழுதப்படல் வேண்டும். “மணிக்கு 80 கிலோமீற்றர் காற்று” என்பது கரையோரக் குடும்பத்துக்கு முழுதுஞ் சொல்லாது, “இரண்டு நாள் மின் இராது, இன்று மாலைக்குள் நீர் நிரப்பி வையுங்கள்” என்பது சொல்லும். அச்செய்தி சிங்களத்தில் வெளியாகும் அதே நேரத்தில் தமிழிலும் வெளியாதல் சலுகையன்று, உயிர்க்காவலாகும்.

எச்சரிக்கை பொய்த்தால் மக்கள் நம்பிக்கை இழப்பர் என்பாருமுளர். அது மெய்யே. அதற்கு மருந்து மௌனமன்று. வாய்ப்பு இத்துணையென நேர்மையாய் உரைத்தலே.

எமது கல்லூரி நாட்டுக்குப் பொறியியலாளரையும் வைத்தியரையும் நிருவாகிகளையும் ஈந்துள்ளது. அவர்கள் ஒரே மேசையில் அமர்ந்து இவ்வொழுங்குகளை வகுக்க முன்வருவாராக. யூபிலி நினைவாகக் கல்லூரி வளவில் மழைமானியும் காற்றுமானியும் கொண்ட சிறு வானிலை அவதான நிலையமொன்றை நிறுவுதலும் தகும். மாணவர் நாடோறும் அளந்து, எதிர்வுகூறலோடு ஒப்பிட்டுப் பதிவார்களாயின், எச்சரிக்கையின் பொருளை உணர்ந்து செயற்படுந் தலைமுறையொன்று இங்கிருந்தே எழும்.