விளம்பரத்தில் இல்லாத பெண்

விளம்பரங்களின் ஆணாதிக்கம் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் கேட்பது இதைத்தான்: சமைப்பதும் துவைப்பதும் ஏன் மனைவியின் வேலையாகவே இருக்கிறது? நியாயமான கேள்வி. ஆனால் அதோடு நின்றுவிடுவது யாருக்கு வசதி?

ஏரியல் சலவைத்தூள் 2015இல் 'ஷேர் தி லோடு' என்ற விளம்பர வரிசையைத் தொடங்கியது. 2016இல் வந்த படத்தில், அலுவலகத்திலிருந்து திரும்பிய மகள் சமையல், துணி, குழந்தை என்று ஓடிக்கொண்டே இருக்கிறார். கணவர் தொலைக்காட்சி பார்க்கிறார். இதையெல்லாம் பார்க்கும் அப்பா மகளிடம் மன்னிப்புக் கேட்கிறார். எனக்கும் கண் கலங்கியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது: இப்படிப்பட்ட வீடுகளில் துணி துவைத்துத்தான் என் அம்மா என்னைப் படிக்கவைத்தார். அந்தப் படத்தில் அம்மா இல்லை. கணவனும் மனைவியும் வேலையைப் பங்கிட்டுக்கொண்டால் விளம்பர உலகில் சமத்துவம் வந்துவிடுகிறது.

அம்மா போன்றவர்கள் விளம்பரத்துக்குள் வந்தது 2020 மே மாதத்தில், ஊரடங்குக் காலத்தில். மாவு பிசையும் இயந்திரத்தை விற்பதற்காகக் கென்ட் நிறுவனம் ஒரு விளம்பரம் வெளியிட்டது. வீட்டு வேலை செய்யும் பெண்ணைக் கையால் மாவு பிசைய விடுகிறீர்களா, அவர் கையில் தொற்று இருக்கலாம் என்று அது பயமுறுத்தியது. எதிர்ப்பு கிளம்பியதும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அதைத் திரும்பப் பெற்றது.

வர்க்கத் திமிர் என்று பலர் கண்டித்தார்கள். எனக்கு அதில் சாதிதான் தெரிந்தது. வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்தவர்கள் மூலம்தான் கொரோனா இங்கே நுழைந்தது. சந்தேகம் விழுந்ததோ பாத்திரம் தேய்க்கும் கையின் மேல். நான் சிறுமியாக இருந்தபோதே அம்மாவுக்குப் பின்கட்டில் தனி டம்ளர் இருந்தது. அந்த வீட்டில் அவர் கழிவறை கழுவலாம், இட்லி மாவைத் தொடக்கூடாது. அன்று அதற்குப் பெயர் தீட்டு. பெயரை மாற்றி, ஒரு பெண்ணின் பயத்தைத் தூண்டி, இன்னொரு பெண்ணின் கையை அருவருப்பாக்கி இயந்திரம் விற்றார்கள்.

இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2022இல் பாலினப் பாகுபாட்டைத் தவிர்க்க வழிகாட்டுதல்களை வெளியிட்டது. வரவேற்போம். ஆனால் வீட்டுத் தொழிலாளர் உரிமைக்காகச் சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2011இல் நிறைவேற்றிய 189ஆம் உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்கவில்லை. விளம்பரத்தில் கணவர் துணி துவைப்பதைக் கொண்டாடும் தோழர்கள் இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அதற்கு முன், நம் வீட்டில் வேலை செய்பவருக்கு வாரத்தில் ஒரு நாளாவது விடுப்பு உண்டா, அவர் எந்த டம்ளரில் டீ குடிக்கிறார் என்று பார்ப்போம்.