சூரிய அடுப்பும் சமையற்கட்டும்

அரிய கருவிகளைக் கண்டுபிடிப்போர்க்கு அவற்றை விற்கத் தெரிவதில்லை என்பது பரவலாகக் கூறப்படும் குறை. ஜகதீச சந்திர போஸை இதற்குச் சான்றாகக் காட்டுவோர் உளர். மின்காந்த அலைகளை உணரும் கருவிக்கு, நண்பர்களின் வற்புறுத்தலின்பேரில், அவர் 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஆயினும் அதனைக்கொண்டு பொருளீட்ட முனையவில்லை. இது துறவேயன்றித் தோல்வி அன்று. விற்க விரும்பியும் விலைபோகாத படைப்பே நாம் ஆராய்தற்குரியது. நம் நாட்டுச் சூரிய அடுப்பு அத்தகையது.

புது டில்லியில் 1950இல் திறக்கப்பெற்ற தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தில், எம். எல். கய் என்பவரும் உடனுழைத்தோரும் இவ்வடுப்பை உருவாக்கினர். அதன் அமைப்பை விளக்கும் கட்டுரை 1953இல் வெளிவந்தது. ஏறத்தாழ ஒரு மீட்டர் விட்டமுள்ள அலுமினியக் குழியாடி, கதிரவன் ஒளியைத் திரட்டிப் பாத்திரத்தின் அடியில் குவித்தது. விறகு வேண்டா, புகை இல்லை, சோறு வெந்தது. பௌதிக விதிகளின்படி அதில் பிழை காண்பதற்கில்லை. தொழிற்சாலையில் செய்யப்பெற்று விற்பனைக்கும் வந்தது. வாங்குவோர்தாம் மிகச் சிலர்.

காரணத்தை அறிய டில்லிவரை செல்ல வேண்டுவதில்லை. கல்பாத்தி அக்கிரகாரத்து வீடொன்றினுள் நுழைந்து பார்த்தால் போதும். வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. வாயில் தெருவை நோக்கும். சமையற்கட்டோ பின்புறத்து நிழலில். விடியுமுன் உலை ஏறும். இரவுச் சமையலோ கதிரவன் மறைந்த பின்னர். இவ்விரு வேளையும் குழியாடிக்கு வேலை இல்லை. நண்பகலில் சமைப்பதாயினும், வெயிலில் நின்று, கண் கூசும் ஒளியில், கதிரவன் நகருந்தோறும் ஆடியைத் திருப்பிக்கொண்டிருத்தல் வேண்டும். தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பல நாள் அதுவும் இயலாது. கணவாய்க் காற்றின் வலிமையைப் பாலக்காட்டார்க்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. விறகும் வரட்டியும் காசின்றிக் கிடைத்த ஊர்களில், அவற்றை மிச்சப்படுத்தும் கருவிக்குக் காசு கொடுக்க முன்வருவார் யார்? விறகு பொறுக்கியவள் பெண், பணப்பை ஆணிடம். அவளுடைய கால்நடையும் கண்ணெரிச்சலும் எவருடைய கணக்கிலும் ஏறவில்லை.

விளம்பரம் போதவில்லை என்பாரோடு எனக்கு உடன்பாடு இல்லை. 'மார்க்கெட்டிங்' என்னும் சொல்லை 'விற்பனை' என்று பெயர்த்துவிடுவது மொழிபெயர்ப்பாளர் சிலரின் வழக்கம். இக்குழப்பத்திற்கு அதுவும் ஒரு காரணமோ என ஐயுறுகிறேன். விற்பனை, பொருள் செய்து முடிந்தபின் நிகழ்வது. மற்றதோ வரைபடம் வரையுமுன்னரே சமையற்கட்டில் தொடங்க வேண்டுவது. மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் எருமைப்பாலிலிருந்து குழந்தை உணவு செய்யும் முறையைக் கண்டனர். ஆனந்தில் 1946இல் தொடங்கப்பெற்றுப் பாலைத் திரட்டிவந்த கூட்டுறவுச் சங்கம் அதனை ஏற்றது. பாலும் ஆலையும் வாடிக்கையாளரும் அதனிடம் முன்னரே இருந்தமையால் அம்முறை ஏட்டோடு நின்றுவிடவில்லை.

பின்னர், 1980களில், பெட்டிவகைச் சூரிய அடுப்பு மானியத்துடன் பரப்பப்பெற்றது. அதனை அடிக்கடி திருப்ப வேண்டியதில்லை. கண்ணும் அவ்வளவாகக் கூசாது. ஆயினும் வைகறைக்கும் இரவுக்கும் அதனாலும் பயன் விளையவில்லை.

புதிய கருவியொன்றைக் கிராமத்திற்குக் கொண்டுசெல்லும் களப்பணியாளர், செய்முறை காட்டுமுன் ஒரு நாள் முழுவதும் அங்குள்ள அடுப்பருகே இருந்து பார்ப்பாராக. குழியாடியைக் கற்பிக்கும் ஆசிரியர், தத்தம் வீட்டில் அடுப்பு எரியும் நேரங்களை ஒரு வாரம் குறித்துவருமாறு மாணவர்களிடம் கூறலாம். அக்குறிப்புகளை ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பினாலும் தகும்.