கழகமும் கணக்கும்

திருக்குறளில் சூது என்னும் அதிகாரத்தைப் பாடஞ்சொல்லும் ஆசிரியர் ஒவ்வொருவரும் 'கழகம்' என்ற சொல்லினிடத்துச் சற்றே நின்று செல்வர். பல்கலைக்கழகம் என்றும் விளையாட்டுக்கழகம் என்றும் இன்று நாம் மதிப்போடு வழங்கும் அச்சொல்லுக்கு அவ்வதிகாரத்தில் சூதாடுமிடம் என்பதே பொருள். மாணவர் நகைப்பர், நாமும் உடன் நகைத்து அடுத்த குறளுக்குச் செல்வோம். ஆயின் 2025 ஓகஸ்ட் 2 ஆம் நாள், கொழும்பில் ஜோன் கீல்ஸ் நிறுவனமும் மெல்கோ நிறுவனமும் கூடி அமைத்த 'சிற்றி ஒஃப் ட்ரீம்ஸ்' மாளிகையின் சூதாட்டக்கூடம் திறக்கப்பெற்றதிலிருந்து, அப்பழம்பொருளை இனி நகைத்துக் கடத்தல் இயலாது என்று எனக்குத் தோன்றுகின்றது. 120 கோடி டொலருக்கு மேற்பட்ட முதலீட்டில் எழுந்த மாளிகை அது. அவ்வாண்டிலேயே சூதாட்டத்தை ஒழுங்குபடுத்துவதற்கென ஓர் அதிகாரசபையை நிறுவும் சட்டமும் நிறைவேறியது. 1889 ஆம் ஆண்டு ஆங்கிலேயர் இயற்றிய பழைய சூதாட்டக் கட்டளைச்சட்டத்தின் இடத்தை அது கொண்டது.

இத்தகைய கூடங்களில் ஆடுவோன் பிறிதோர் ஆட்டக்காரனை எதிர்த்து ஆடுவதில்லை. கூடத்தையே எதிர்த்து ஆடுகின்றான். ஆங்கிலத்தில் அதனை 'ஹவுஸ்' என்பர். தமிழில் யாது சொல்வது? வீடு என்று கூற நாக்கூசுகின்றது. அறம் பொருள் இன்பங்களின் பின் வைத்த சொல் அது. இல்லம் என்போமெனின், எங்கள் இரத்தினபுரியில் இல்லம் என்பது மாணிக்கக்கல் கிடைக்கும் பரற்படைக்குச் சிங்களத்தில் வழங்கும் பெயர். ஆதலின் வள்ளுவர் ஆண்ட சொல்லையே யானும் ஆள்கின்றேன். கழகம் என்றே இருக்கட்டும்.

இதனை எழுதத் தூண்டியது ஒரு வினா. எம் தோட்டப் பகுதியிற் பிறந்து, என்னிடம் பயின்று, இப்பொழுது தலைநகரில் உணவுவிடுதியொன்றில் வேலைசெய்யும் இளைஞன் ஒருவன் தைப்பொங்கலுக்கு ஊர் வந்திருந்தான். கைத்தொலைபேசியில் 'போக்கர்' என்னும் கடதாசி ஆட்டத்தை அவன் கற்றுவருகின்றானாம். சூது அதிகாரத்தை நான் நினைவூட்டியபோது அவன் தயங்காது சொன்னான்: "அது பாய்ச்சிகைக்குச் சொன்னது, சேர். இது மூளையால ஆடுறது. நளனும் வித்தையைப் படிச்சுக்கிட்டுத்தானே அப்புறம் ஜெயிச்சான்?"

இவ்வினாவை அறவுரையால் மறுத்தல் எளிது. ஆனால் அது மறுப்பாகாது. நளன் கற்று வென்றது உண்மை. தேர்செலுத்தும் வித்தையை இருதுபன்னனுக்கு ஈந்து, எண்ணும் வித்தையையும் கவற்றின் உள்ளுறையையும் அவனிடமிருந்து பெற்றான். பின்பு புட்கரனை வென்று நாட்டை மீட்டான். வழியில் நின்ற தான்றி மரத்தின் காய்களை இருதுபன்னன் நொடிப்பொழுதில் எண்ணிக் காட்டிய கதையைப் புகழேந்தியாரை ஓதிய சிறுவரும் அறிவர். தான்றிக்கொட்டையே பண்டைக்காலத்தில் சூதுக்காயாக வழங்கிற்று என்பதை நோக்க, அக்காட்சி எத்துணைப் பொருத்தமானது என்பது புலப்படும். ஆகவே இளைஞனுக்கு விடை கூறவேண்டுமெனின், அவன் ஆடும் ஆட்டத்திற்குள்ளேயே புகுந்து விடை கூறுதல் வேண்டும்.

கழகத்தை எதிர்த்து ஆடும் போக்கர் வகைகளுள் எளிமையானது 'மூன்றுசீட்டுப் போக்கர்'. பிரித்தானியராகிய டெரெக் வெப் என்பவர் 1990 களில் அதனை அமைத்தார். ஆடுவோன் முதலில் ஒரு முன்பணயம் வைக்கின்றான். அவனுக்கு மூன்று சீட்டு. கழகத்தின் சார்பில் சீட்டுப் பகிர்பவருக்கு மூன்று. தன் சீட்டைப் பார்த்தபின் ஆடுவோன் இரண்டிலொன்று செய்யலாம்: சீட்டை எறிந்து முன்பணயத்தை இழக்கலாம், அல்லது அதற்கு ஒப்பான இரண்டாம் பணயம் வைத்துத் தொடரலாம். பின்பு கழகத்தின் சீட்டு திறக்கப்படும். அதில் இராணியோ அதனினும் மேம்பட்ட சீட்டோ, இணை முதலிய சிறப்புச் சேர்க்கையோ இல்லையெனின் கழகம் 'தகுதி பெறவில்லை' என்பது விதி. முன்பணயத்திற்கு மட்டும் சமதொகை கிடைக்கும், இரண்டாம் பணயம் அப்படியே திரும்பும். கழகம் தகுதி பெற்றால் இரு கைகளும் ஒப்பிடப்பட்டு, வென்றோர் இரு பணயத்தையும் கொள்வர்.

ஐம்பத்திரண்டு சீட்டிலிருந்து மூன்று சீட்டை 22,100 வகையாக எடுக்கலாம். அவற்றுள் 16,440 வகையில் இணையுமில்லை, வரிசையுமில்லை, ஓரினமுமில்லை. அஃதாவது நான்கில் ஏறத்தாழ மூன்று முறை கையில் வருவது வெறுங்கை. இவ்வெறுங்கையை எப்பொழுது பிடிப்பது, எப்பொழுது எறிவது என்பதுதான் இவ்வாட்டத்தின் வித்தை முழுதும். கணித அறிஞர் அதனை ஆராய்ந்து ஒரே விதியாக முடித்துவிட்டனர்: இராணி, ஆறு, நான்கு என்னும் கையோ அதனினும் மேம்பட்டதோ வந்தால் தொடர்க, குறைந்தால் எறிக. இதற்கு மேற் கற்பதற்கு ஒன்றுமில்லை. இருதுபன்னனுக்குத் தேர்வித்தை கொடுத்துப் பெறவேண்டிய அரும்பொருளும் அன்று. நான்காம் வகுப்புச் சிறுவன் ஒரு மாலைப்பொழுதில் மனப்பாடம் செய்துவிடுவான்.

சரி, கற்றவன் பெறும் பயன் யாது? வருவதையெல்லாம் கண்மூடித் தொடர்பவன், முன்பணயம் நூறு ரூபாய்க்குச் சராசரி 7 ரூபாய் 65 சதம் இழக்கின்றான். இராணி இருந்தாற் போதும் என்று ஆடுபவன் 3 ரூபாய் 45 சதம். மேற்கூறிய விதியைப் பிழையின்றிக் கைக்கொள்ளும் பண்டிதன் 3 ரூபாய் 37 சதம். பண்டிதனுக்கும் அரைகுறைக்கும் இடையே எட்டுச் சதம்! எம்போன்றார் வாழ்நாள் முழுதும் கற்றதன் மதிப்பை யாரோ வேண்டுமென்றே அளந்து காட்டியதுபோல் இருக்கின்றது. அது நிற்க. வித்தை இழப்பைக் குறைக்கின்றது. இழப்பை வருவாயாக மாற்றவில்லை. மாற்றவும் இயலாது.

ஏன் இயலாது? கழகம் வஞ்சிப்பதனால் அன்று. சகுனியின் பாய்ச்சிகையைத் தேடுவோர் இங்கே ஏமாறுவர். ஆடுவோன் முதலில் முடிவுசெய்ய வேண்டும்; அவன் எறிந்தபின் கழகத்தின் கை அவனுடையதினும் இழிந்ததாயிருந்தாலும் முன்பணயம் போனதே. பத்தில் ஏறத்தாழ மூன்று முறை கழகம் தகுதி பெறாது ஒதுங்கும்போது, நல்ல கை வைத்திருப்பவன் பாதி வெற்றியோடு நிற்கின்றான். வரிசை, மும்மை முதலிய அருங்கைகளுக்குத் தனிப்பரிசு உண்டாயினும், அது இவ்விரு குறையையும் ஈடுசெய்யாதபடி அளந்து வைக்கப்பட்டுள்ளது. சூழ்ச்சி சீட்டில் இல்லை, விதியில் இருக்கின்றது. அவ்விதியோ சுவரில் எழுதித் தூக்கத்தக்க அளவு வெளிப்படையானது.

நளன் கதை இங்கே பொருந்தாமை இப்பொழுது விளங்கும். நளனும் புட்கரனும் ஒரே கவற்றை ஒரே விதியில் உருட்டினர். அங்கே கலியின் துணையோ கல்வியின் துணையோ ஒருவனை உயர்த்தலாம். கழகத்தோடு ஆடுபவனுக்கு ஒத்த விதி இல்லை. கழகத்தை ஒருவன் கற்று வென்றதும் உண்டு என்பதை மறைக்கமாட்டேன். அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் எட்வர்ட் தோர்ப் 1962 இல் எழுதிய நூலில், 'பிளக்ஜக்' ஆட்டத்தில் கழிந்த சீட்டுகளை நினைவிற்கொண்டு மிகுபயன் பெறும் வழியைக் காட்டினார். கழகங்கள் சீட்டுக்கட்டுகளை மிகுத்தன. எண்ணி ஆடுவோரை வாயிலிலேயே நிறுத்தின. மூன்றுசீட்டு ஆட்டத்தில் ஒவ்வொரு கைக்கும் சீட்டு மீண்டும் கலைக்கப்படுவதால் எண்ணுதற்கே இடமில்லை.

ஒரு மணி நேரத்தில் ஐம்பது ஆட்டம் என்றும், முன்பணயம் ஆயிரம் ரூபாய் என்றும் கொள்வோம். பிழையின்றி ஆடுபவனின் சராசரி இழப்பு மணிக்கு 1685 ரூபாய். 2024 இல் பெருந்தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய். மலைச்சரிவில் அட்டைக்கடியோடு ஒரு முழுப்பேர் போட்டுப் பெற்ற கூலி, குளிரூட்டிய அறையில் ஒரு மணி நேரத்திற்குள் கரைந்துவிடுகின்றது. அதுவும் திறமையாக ஆடினால்! சராசரி என்பதை மறவாதீர். ஒரு மாலையில் வென்று திரும்புவோர் பலர். பேர்னூலியின் நூல் 1713 இல் வெளிவந்த காலந்தொட்டு அறியப்பட்ட உண்மை, ஆட்டம் மிகமிகச் சராசரி வெளிப்படும் என்பது. ஆடுவோன் ஒரு மாலை ஆடுகின்றான். கழகம் எல்லா மாலையும் ஆடுகின்றது.

அரசு இதில் எங்கே நிற்கின்றது? சூதாட்ட அதிகாரி வென்றவனிடம் நூற்றுக்கு ஐந்து கொள்க என்று கௌடலீயர் வகுத்தார். நம் நாட்டில் 2025 இல் கழகத்தின் மொத்தத் திரட்டின்மீதான வரி 15 விழுக்காட்டிலிருந்து 18 ஆக உயர்த்தப்பட்டது. வேற்றுமை நுணுகி நோக்கத்தக்கது. அன்று வென்றவன் கொடுத்தான். இன்று தோற்றவர் விட்டுச்சென்றதில் பங்கு கொள்ளப்படுகின்றது. தோற்றோர் தொகை பெருகத் திறைசேரியும் பெருகும். இந்நாட்டுக் குடிமகன் கழகத்துள் நுழைவதற்கான கட்டணம் அதே ஆண்டில் 50 டொலரிலிருந்து 100 டொலராக உயர்ந்தது. ஏறத்தாழ முப்பதினாயிரம் ரூபாய், அவ்வாண்டின் நாட்சம்பளத்தில் இருபத்திரண்டு நாட்கூலி. ஏழையைக் காக்கும் மதில் என்று இதனைப் போற்றுவாருளர். யானும் போற்றுவேன், மதிலுக்கு வெளியே வேறு கழகம் இல்லையாயின். கேகாலையிலும் எட்டியாந்தோட்டையிலும் பந்தயப் புத்தகக் கடைகள் இல்லையா? லயத்துத் திண்ணையில் இருந்தவாறே கைத்தொலைபேசியில் ஆடுவோனை எந்த மதில் தடுக்கும்? 1963 முதல் தேசிய லொத்தர் சபையை நடத்துவதே அரசுதானே?

இரத்தினபுரி மண்ணுக்கு இதில் தனியொரு மயக்கமும் உண்டு. கல் கிடைத்தவன் கதை பலாங்கொடை முதல் பெல்மதுளை வரை எல்லாத் தேநீர்க்கடையிலும் உலவுகின்றது. வெறுங்குழியை மூடியவன் கதையை எவரும் சொல்வதில்லை. ஆயினும் மாணிக்கக்குழியையும் கழகத்தையும் ஒன்றென்பேனல்லேன். குழியில் நிலக்காரனும் இயந்திரக்காரனும் வேலையாளும் பங்காளிகள். வெறுங்குழியானால் எல்லார்க்கும் வெறுங்குழி. கழகத்திலோ ஒருவன் வெறுங்கை மற்றவன் வருவாய்.

மூன்றுசீட்டு ஆட்டத்தை அமைத்த வெப் என்பார் பிற்காலத்தில் செய்ததொன்றை என் மாணவனுக்குச் சொன்னேன். பிரித்தானியப் பந்தயக் கடைகளில் ஏழைகளின் பொருளை விழுங்கிய சூதாட்டப் பொறிகளுக்கு எதிரான இயக்கத்திற்கு அவரே பொருளுதவி செய்தார். ஓராட்டத்திற்கு நூறு பவுண்வரை இடலாம் என்றிருந்த அப்பொறிகளின் பணயம் 2019 இல் இரண்டு பவுணாகக் குறைக்கப்பட்டது. அவன் நெடுநேரம் பேசவில்லை.

பள்ளி திறந்தபின் எங்கள் கணித ஆசிரியையோடு கலந்து, பதினோராம் வகுப்பில் குறளையும் நிகழ்தகவையும் ஒரே பாடவேளையில் வைத்தோம். புளியங்கொட்டையே பணயம், ஆறு குழு, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கடதாசிக்கட்டு, இருநூறு ஆட்டம், ஒரு குறிப்பேடு. முடிவில் இரு குழுவினர் மிகுபயன் கண்டு ஆர்ப்பரித்தனர். ஆறு குறிப்பேட்டையும் சேர்த்துக் கூட்டியபோது கழகத்தின் பையில் ஐம்பத்துமூன்று கொட்டை மிகுந்திருந்தது. அதனைத் தானே மும்முறை கூட்டிப் பார்த்த மாணவி ஒருத்தி, "சேர், எங்கப்பா கிழமைக்கு நாலு லொத்தர் டிக்கட் எடுக்கிறாரே, அதுக்கும் இந்தக் கணக்கைப் போடலாமா?" என்று கேட்டாள். டிக்கட்டின் பின்புறத்துப் பரிசு விபரத்தோடு மறுநாள் வருமாறு ஆசிரியை சொல்லியிருக்கிறார்.