அப்பா என்ன வேலை செய்கிறார்?



உங்கள் வீட்டில் வேலை தேடும் பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். இந்த முறை தலையங்கம் ஒரு நேர்முகப் பேட்டியைப் பற்றியது.

குவாலா கெட்டிலில் நாங்கள் நடத்தும் இலவசச் சட்ட ஆலோசனைக்கு வழக்கமாக வருபவர்கள் பிறப்புப் பத்திரம், சிவப்பு அடையாள அட்டை, தோட்ட வீட்டைக் காலி செய்யச் சொன்ன நோட்டீஸ் என்று ஏதாவது ஒரு காகிதத்தோடு வருவார்கள். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் எந்தக் காகிதமும் இல்லாமல் ஓர் இளம்பெண் வந்தாள். வயது 23. இரண்டு மணி நேரம் வரிசையில் காத்திருந்து, எதிரே வந்து உட்கார்ந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை: "அண்ணே, இது கேஸ் ஆகுமான்னு தெரியல. ஆகலன்னாலும் பரவால்ல. யார்கிட்டயாவது சொல்லணும்."

பாலிங் வட்டாரத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். அம்மா பால்மரம் வெட்டியவர். அப்பா தோட்டத்தில் ஜாகா வேலை. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்து, எஸ்.பி.எம். முடித்து, கூலிமில் உள்ள துவாங்கு சுல்தானா பாஹியா போலிடெக்னிக்கில் மின்னியல் டிப்ளோமா வாங்கியிருக்கிறாள். வடமாநிலங்களில் இயங்கும் ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தில் டெக்னிஷியன் வேலைக்கு மனுப்போட்டாள். நிறுவனத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவளுக்கு அடுத்த வேலை வேண்டும், அதுதான் காரணம்.

முதலில் கணினியில் ஒரு தேர்வு. தேறினாள். பிறகு ஒரு பொறியியலாளர், நடுத்தர வயதுக்காரர், முக்கால் மணி நேரம் பேட்டி கண்டார். ஒரு சர்க்யூட் படத்தை முன்னால் வைத்து, எங்கே கோளாறு என்று கேட்டார். மல்டிமீட்டரை எங்கே வைப்பாய், அலைகாட்டியில் இப்படி வந்தால் என்ன அர்த்தம், இயந்திரம் நின்றால் முதலில் யாரிடம் சொல்வாய் என்றெல்லாம் கேட்டார். ஒரு கேள்விக்குத் தெரியாது என்றாளாம். "தெரியாததைத் தெரியாது என்று சொன்னாயே, அது நல்லது" என்று தேசிய மொழியில் சொல்லி, கைகுலுக்கி அனுப்பியிருக்கிறார். அந்த மனிதரைப் பற்றிச் சொல்லும்போது அவள் முகம் மலர்ந்தது.

அடுத்தது மனிதவளப் பிரிவு. அந்த அறையில் இருந்தது மொத்தம் 7 நிமிடம். வீடு எங்கே? பாலிங்கா, அவ்வளவு தூரமா? அப்பா என்ன வேலை செய்கிறார்? எஸ்டேட்டா? எத்தனை பிள்ளைகள்? கல்யாணம் எப்போது? உங்கள் ஆட்களுக்கு லீவு நிறைய வேண்டியிருக்குமே, திருவிழா, சாவு என்று? மேண்டரின் பேசுவாயா? விளம்பரத்தில் கேட்டது தேசிய மொழியும் ஆங்கிலமும் மட்டுமே. மேண்டரின் என்ற வார்த்தையே அதில் இல்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது. வருந்துகிறோம் என்று.

அவளுக்குப் பதிலாக யாரை எடுத்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. இந்த விவகாரத்தின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது. வேலையிலிருந்து நீக்கப்பட்டவன் கையில் ஒரு கடிதம் இருக்கும், பக்கத்தில் சாட்சி சொல்ல நாலு பேர் இருப்பார்கள். வேலைக்கே எடுக்கப்படாதவனிடம் என்ன இருக்கிறது? ஒரு மூடிய அறை, 7 நிமிடம், ஒரு சந்தேகம். "நமக்குத் தகுதி பத்தல போல" என்று தன்னையே நொந்துகொண்டு மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறான்.

எல்லாக் கேள்வியும் குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. இன்னொரு பையன் வந்து, "கையில கட்டியிருந்த சாமிக் கயிறை அவுக்கச் சொன்னாங்கண்ணே, இது நம்ம மதத்த அவமானப்படுத்துறது இல்லையா?" என்று கொதித்தான். இல்லை தம்பி என்றுதான் சொன்னேன். சில்லு தயாரிக்கும் சுத்த அறையில் மனித முடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்கு இருக்கும் தூசிகூடச் சரக்கைக் கெடுத்துவிடும். அங்கே கயிறும் கூடாது, திருநீறும் கூடாது, பவுடரும் கூடாது, மோதிரமும் கூடாது. அது எல்லா இனத்துக்கும் ஒரே சட்டம். அதேபோல, காலை 7 மணி ஷிப்டுக்கு உன்னால் வந்து சேர முடியுமா என்று கேட்பது நியாயமான கேள்வி. எஸ்டேட் ஆளா என்று கேட்பது வேறு. முதல் கேள்வி வேலையைப் பற்றியது, பதில் சொல்லிவிடலாம். இரண்டாவது பிறப்பைப் பற்றியது. அதற்கு என்ன பதில் சொன்னாலும் மார்க் குறையும்.

"அப்பா என்ன வேலை?" என்ற கேள்வி நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. இந்தியாவில் சுரிந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமன் என்ற இரு ஆய்வாளர்கள் பெரிய நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களைச் சந்தித்துப் பேசி, 2007-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நாங்கள் தகுதியை மட்டுமே பார்க்கிறோம் என்று அடித்துச் சொன்ன மேலாளர்கள், அதே மூச்சில், பேட்டியில் குடும்பப் பின்னணியையும் கேட்போம் என்றார்கள். படித்த தகப்பனா, நல்ல குடும்பமா என்று பார்ப்பார்களாம். சாதி என்ற வார்த்தையை யாரும் உச்சரிக்க வேண்டிய அவசியமே இல்லை. குடும்பத்தைக் கேட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

எனக்கும் இந்தக் கேள்வி பழக்கம்தான். சட்டம் முடித்துவிட்டு ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பயிற்சிக்குப் பேட்டிக்குப் போனேன். அப்பா என்ன செய்கிறார் என்று மூத்த வழக்கறிஞர் கேட்டார். பால்மரம் வெட்டுகிறார் என்றேன். "அப்படியா! அங்கிருந்து இவ்வளவு தூரம் எப்படி வந்தாய்?" என்று வியந்தார். எனக்கோ பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த டாக்டர் மகனிடம் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை என்பது எனக்கு உறைக்கப் பல வருடம் ஆயிற்று. அந்த இடமும் எனக்குக் கிடைக்கவில்லை.

நம் நாட்டில் ஆய்வே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. லீ ஹுவோக் ஆன், முகமது அப்துல் காலிட் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் 753 வேலை விளம்பரங்களுக்கு 3,012 கற்பனை மனுக்களை அனுப்பிப் பார்த்தார்கள். புதிய பட்டதாரிகள், ஒத்த தகுதிகள், பெயரில் இன வேறுபாடு. சீனப் பெயருள்ள மனுக்களில் 22.1 விழுக்காட்டுக்குப் பேட்டி அழைப்பு வந்தது. மலாய்ப் பெயருள்ளவற்றில் 4.2 விழுக்காட்டுக்குத்தான் வந்தது. 2016-இல் ஆய்விதழில் வெளிவந்த இந்தக் கணக்கு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. கதவு நமக்கு மட்டும் மூடவில்லை, கம்பத்து மலாய்க்காரப் பிள்ளைக்கும் மூடுகிறது. இதை நாம் மறக்கக்கூடாது. மற்றொன்று, அந்த 3,012 மனுக்களில் இந்தியப் பெயர் ஒன்றுகூட இல்லை! ஆய்வாளர்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி வேறு. ஆனால் நம் பிள்ளைகளின் பெயர் அந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை என்பதைப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது?

கூட்டரசு அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவு சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பாலினம் ஆகியவற்றைக் காட்டிப் பாகுபாடு செய்யக்கூடாது என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது கட்டுப்படுத்துவது அரசாங்கத்தை. விமானப் பணிப்பெண்ணாக இருந்த பியட்ரிஸ் பெர்னாண்டஸ் கர்ப்பமானதற்காக 1991-இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டு, நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறினார். 2005-இல் கூட்டரசு நீதிமன்றம் சொன்ன பதில்: அரசியலமைப்பு உரிமைகளை அரசுக்கு எதிராகக் கேட்கலாம், தனியார் ஒருவருக்கு எதிராகக் கேட்க முடியாது. தொழிற்சாலை கேட்டுக்கு வெளியிலேயே 8-ஆவது பிரிவு நின்றுவிடுகிறது என்பதே இதன் பொருள்.

அப்புறம் வந்தது 2022-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தம். 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் 69எஃப் என்ற புதிய பிரிவின்படி, வேலையில் பாகுபாடு என்ற புகாரைத் தொழிலாளர் இலாகா தலைமை இயக்குநர் விசாரித்துத் தீர்ப்பளிக்கலாம். அவர் உத்தரவை மீறும் முதலாளிக்கு 50,000 வெள்ளி வரை அபராதம். நல்ல சட்டம்தான். ஆனால் யாருக்கும் யாருக்கும் இடையிலான தகராறு? தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலானது. நம் பெண் தொழிலாளி ஆகவே இல்லையே! 2018-இல் மனிதவள அமைச்சு மக்கள் கருத்துக்கு வைத்த பரிந்துரையில் வேலை தேடுவோரும் சேர்க்கப்பட்டிருந்தார்கள். நாடாளுமன்றத்தில் நிறைவேறிய திருத்தத்தில் அவர்களைக் காணோம். எங்கே, யார் கையால் விழுந்தார்கள் என்று கேட்க வேண்டியது நம் கடமை. பக்கத்தில் சிங்கப்பூர் 2025-இல் நிறைவேற்றிய பணியிட நியாயச் சட்டம் ஆள் எடுக்கும் கட்டத்தையும் சேர்த்தே பேசுகிறது. சிறிய நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு என்றாலும் இனமும் மொழியும் அதில் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கின்றன.

ஆகவே "கேஸ் ஆகுமா அண்ணே?" என்ற கேள்விக்கு நான் பொய் சொல்லவில்லை. இன்றைய நிலையில் ஆகாதம்மா என்றேன். ஆனாலும் ஒரு வேலை செய்யலாம் என்று சொல்லி, வெள்ளைத்தாளை எடுத்துக் கொடுத்தேன். தேதி, நேரம், அறையில் யார் யார் இருந்தார்கள், யார் எந்த வார்த்தையில் கேட்டார்கள், என்ன பதில் சொன்னாள், எல்லாவற்றையும் எழுதவைத்தேன். மூன்று வாரம் கழிந்திருந்தாலும் ஒவ்வொரு சொல்லும் அவள் நினைவில் இருந்தது. நீங்கள் அவ்வளவு நாள் காத்திருக்காதீர்கள். பேட்டி முடிந்து வெளியே வந்ததும், பஸ் ஸ்டாப்பிலோ மாமாக் கடையிலோ உட்கார்ந்து, டீ ஆறுவதற்குள் எழுதிவிடுங்கள். உடனுக்குடன் எழுதிய குறிப்பைப் பார்த்து ஞாபகத்தைப் புதுப்பித்துக்கொண்டு சாட்சி சொல்ல 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 159-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. விளம்பரத்தையும் படம் பிடித்து வையுங்கள். பிறகு அது காணாமல் போய்விடும்.

இன்னொன்றும் இருக்கிறது, பலருக்குத் தெரியாதது. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். உங்களைப் பற்றி ஒரு நிறுவனம் வைத்திருக்கும் தகவலைக் காட்டு என்று எழுத்து மூலம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உங்களைப் பற்றி எழுதப்பட்ட அபிப்பிராயமும் அந்தத் தகவலில் அடங்கும் என்று சட்டமே சொல்கிறது. பதில் தர 21 நாள் கெடு. சில காரணங்களைக் காட்டி அவர்கள் மறுக்கலாம். மறுக்கட்டும், மறுப்பையும் எழுத்தில் தரவேண்டும். அந்த 7 நிமிடத்தில் மனிதவள அதிகாரி தாளில் என்ன கிறுக்கினார் என்று கேட்பதற்கு இது ஒரு வழி.

"கேட்டா மத்த கம்பெனியிலயும் பேர் கெட்டுடுமாண்ணே?" என்று அவள் பயந்தாள். நியாயமான பயம். அம்மா வேண்டாம் என்று தலையாட்டினார். வாசல் பக்கமாக நின்றிருந்த அப்பா, அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர், "என் வேலையத்தானே கேட்டாங்க, நான் கையெழுத்துப் போடலாமா?" என்றார். அவர் போட முடியாது, மனு அவளுடையது என்று விளக்கினேன்.

வாசகர்களே, 1955-இல் துங்குவும் சின் பெங்கும் பேசிய ஊர் நம் பாலிங். 1974-இல் ரப்பர் விலை விழுந்து அடுப்பு எரியாதபோது இந்த வட்டாரத்து ஏழைகள் தெருவில் இறங்க, அந்தச் சத்தம் கோலாலம்பூர் மாணவர்கள் வரை எட்டியது. இப்போது நாம் கேட்பது சின்ன விஷயம். 69எஃப் பிரிவில் "வேலை தேடுபவர்" என்று இரண்டு சொல் சேர்க்க வேண்டும். கையில் ஒரு கணக்கும் இல்லாமல் அமைச்சரிடம் போனால் "புகாரே வரவில்லையே" என்பார்கள். ஆகவே உங்கள் பிள்ளைகளின் பேட்டிக் குறிப்புகளைக் கொண்டுவாருங்கள். நன்றாக நடந்த பேட்டியையும் எழுதுங்கள். அந்தப் பொறியியலாளரைப் போல நடந்துகொள்கிறவர்களும் கணக்கில் வரவேண்டும். பெயர், நிறுவனம் எதையும் உங்கள் சம்மதம் இல்லாமல் வெளியிட மாட்டோம். ஞாயிறு காலை 10 மணிக்கு அதே குவாலா கெட்டில் ஆலோசனையில் இருப்போம்.

மறு ஞாயிறு அந்தப் பெண் தானாகவே வந்து, கடிதத்தைத் தேசிய மொழியில் தானே எழுதி என்னிடம் திருத்தம் கேட்டாள். இரண்டு எழுத்துப்பிழைதான் இருந்தது. பதிவுத் தபாலில் அனுப்பி இன்றோடு 9 நாள் ஆகிறது.