கார்டு மாற்றுவதற்கு பார்மட் எதற்கு?

கம்ப்யூட்டருக்கு எந்த நோய் வந்தாலும் "பார்மட் பண்ணிடலாம் சார்" என்பதே மருந்து என்ற வழக்கம் நம் ஊர்களில் நிலைத்துவிட்டது. வைரஸ் வந்தால் பார்மட். மெதுவாக ஓடினால் பார்மட். புதிய கிராபிக்ஸ் கார்டு போட்டாலும் பார்மட். முதல் இரண்டையும் வேறொரு மாதம் பேசுவோம். மூன்றாவது தேவையே இல்லாதது என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் கீழ்பென்னாத்தூரில் வீட்டிலிருந்தபடியே திருமண ஆல்பம் தயாரிக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். பழைய கார்டு பழுதானதால் புதியது வாங்கி, திருவண்ணாமலையில் ஒரு கடையில் மாற்றக் கொடுத்தார். மறுநாள் கம்ப்யூட்டர் வந்தது. கார்டும் நன்றாக வேலை செய்தது. டெஸ்க்டாப்பில் வைத்திருந்த இரண்டு திருமணங்களின் படங்கள்தான் இல்லை. "பழைய டிரைவர் தகராறு செய்தது, அதனால் பார்மட் செய்தோம்" என்றார்கள். தாலி கட்டுவதை இன்னொரு முறை படம் எடுக்க முடியுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். டிரைவ் வேறு, டிரைவர் வேறு. உங்கள் படங்களும் கடிதங்களும் கணக்குகளும் இருக்கும் இடம் டிரைவ். விண்டோஸ் சொல்வதைக் கார்டுக்குப் புரிய வைக்கும் சிறிய சாப்ட்வேர் டிரைவர். டிரைவரை நீக்குவதற்காக டிரைவையே அழிப்பது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தும் கதைதான்.

பழைய டிரைவரால் தொல்லையே வராது என்று நான் சொல்லவில்லை. டிரைவர்கள் விண்டோஸின் உள்ளறை வரை சென்று வேலை செய்பவை. அங்கே ஒரு பிழை என்றால் மொத்தக் கம்ப்யூட்டரும் நின்றுவிடும். 2007-ல் விஸ்டா வந்த புதிதில் பதிவான முடக்கங்களில் சுமார் 29 விழுக்காடு என்விடியா டிரைவர்களால் ஏற்பட்டவை என்று, 2008-ல் அமெரிக்க நீதிமன்ற வழக்கு ஒன்றில் வெளியான மைக்ரோசாப்ட் ஆவணங்கள் காட்டின. எனவே பழையதை நீக்கத்தான் வேண்டும். அதை மட்டும் நீக்கினால் போதும்.

அதற்கான வழி மிக எளிது. முதலில் முக்கியமான பைல்களை வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் டிரைவ் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் குறித்து வையுங்கள். பாகம் மாறியதும் சில கம்ப்யூட்டர்கள் அதைக் கேட்கும். புதிய கார்டுக்கான டிரைவரை அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே டவுன்லோட் செய்து பென் டிரைவில் வையுங்கள். பிறகு இண்டர்நெட் இணைப்பைத் துண்டியுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் பழையதை நீக்க நீக்க, விண்டோஸ் தானாகவே ஒரு டிரைவரைக் கொண்டுவந்து போடும்.

இனி, புரோகிராம்களை நீக்கும் பகுதிக்குச் சென்று பழைய கார்டின் டிரைவரை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். திரையில் எழுத்துக்கள் பெரிதாக, மங்கலாகத் தெரியலாம். பயப்படாதீர்கள். விண்டோஸ் தன் கையில் எப்போதும் வைத்திருக்கும் அடிப்படை டிரைவர் அப்போது வேலை செய்கிறது. நண்பருடையதைப் போலப் பழைய கார்டு செத்துப்போயிருந்தாலும் இதுவே கை கொடுக்கும்: புதிய கார்டைப் பொருத்தி, இந்த அடிப்படைத் திரையிலேயே பழைய டிரைவரை நீக்கிவிடலாம்.

அடுத்து கம்ப்யூட்டரை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டுக் கார்டை மாற்றுங்கள். பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் வழியாகக் கிராபிக்ஸ் கார்டுக்கு 75 வாட் வரைதான் மின்சாரம் கிடைக்கும். அதற்கு மேல் கேட்கும் கார்டுக்கு எஸ்.எம்.பி.எஸ்.-லிருந்து 6 பின் அல்லது 8 பின் ஒயர் தர வேண்டும். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் புதிய கார்டிலேயே செருகுங்கள். பிறகு பென் டிரைவில் உள்ள டிரைவரை இன்ஸ்டால் செய்து, ரீஸ்டார்ட் செய்து, இண்டர்நெட்டை இணையுங்கள்.

இதற்குப் பிறகும் திரை சிமிட்டினால், சேஃப் மோடில் சென்று டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவச புரோகிராமை இயக்குங்கள். பழைய டிரைவரின் மிச்சம் மீதியைத் துடைத்துவிடும். உங்கள் பைல்களைத் தொடாது.

செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்க ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள், விலை கேட்கும் முன் டிரைவர் இன்னும் வருகிறதா என்று பாருங்கள். மலிவுக் கார்டாக நிறைய விற்ற ஜி.டி. 710-க்கு வழக்கமான புதிய டிரைவர்கள் 2021-லேயே நின்றன. பாதுகாப்புத் திருத்தங்களும் 2024-ல் முடிந்தன. ஜி.டி.எக்ஸ். 10 வரிசைக்கு வழக்கமான டிரைவர்கள் 2025 அக்டோபரோடு நிற்கும், பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று என்விடியா அறிவித்தது.

கடைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. பார்மட் செய்தால் எல்லாப் பிழையும் ஒரேயடியாகப் போய்விடும். ஒவ்வொன்றாகத் தேட அவருக்கு நேரம் இல்லை. ஆனால் அவர் மிச்சப்படுத்தும் ஒரு மணி நேரத்துக்கு நம் பல வருட உழைப்பு விலையாகக் கூடாது. அந்தப் படங்களின் மதிப்பு அவருக்குத் தெரியாது. சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். அடுத்த முறை கம்ப்யூட்டரைக் கடையில் கொடுக்கும்போது, "என்னைக் கேட்காமல் பார்மட் செய்யக் கூடாது" என்ற ஒரு வரியை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எழுத மறுக்கும் கடையில் உங்கள் கம்ப்யூட்டரை விடாதீர்கள்.