மறுதொகுப்பு மட்டும் போதாது

தரவுகளை அட்டவணைகளாகப் பிரித்து வைத்து, அவற்றுக்கிடையேயான தொடர்புகளின் வழியே வினவ இடமளிக்கும் உறவுசார் தரவுத்தள மென்பொருள், வங்கிக் கணக்கு முதல் மருத்துவமனைப் பதிவேடு வரை எல்லாவற்றுக்கும் அடித்தளமாகிவிட்ட நிலையில், அது எந்த இயங்குதளத்தில், எந்தச் செயலியின் மீது ஓடுகிறது என்பது ஒரு பொருட்டே அல்ல என்ற எண்ணம் நிர்வாகிகளிடையே வேரூன்றியுள்ளது. அதற்கு வரலாற்று நியாயமும் உண்டு. ஆரக்கிள் தரவுத்தளத்தின் 1979ஆம் ஆண்டுப் பதிப்பு பிடிபி-11 கணினியின் அசெம்பிளி மொழியில், அதாவது அந்த ஒரு செயலிக்கே உரிய கட்டளைகளில், எழுதப்பட்டிருந்தது. 1983இல் வந்த மூன்றாம் பதிப்பு சி மொழியில் திருப்பி எழுதப்பட்ட பிறகே, அம்மொழிக்கான கம்பைலர் கிடைக்கும் கணினிகளுக்கெல்லாம் அதைக் கொண்டுசெல்வது எளிதாயிற்று. ஆனால், எழுதிய மொழி பொதுவாகிவிட்டால் மென்பொருளும் பொதுவாகிவிடும் என்று கருதுவது பிழை. நிரலில் வெளிப்படையாக எழுதப்படாத அனுமானங்கள், அது பிறந்த கணினியை விட்டு நகரும்போதுதான் ஒவ்வொன்றாக வெளிப்படுகின்றன.

பெர்க்லியில் 1986இல் தொடங்கிய போஸ்ட்கிரெஸ் ஆய்வுத் திட்டத்தின் வழித்தோன்றலான போஸ்ட்கிரெஸ்கியூஎல் இதற்குத் தக்க சான்று. யூனிக்ஸ் மண்ணில் வளர்ந்த இம்மென்பொருள், 2005 ஜனவரியில் வெளியான 8.0 பதிப்பில்தான் விண்டோஸில் நேரடியாக ஓடத் தொடங்கியது. யூனிக்ஸில் ‘ஃபோர்க்’ என்ற ஒரே அழைப்பில், ஓடிக்கொண்டிருக்கும் செயல்முறை தன் நினைவகம் முழுவதையும் சுவீகரித்த ஒரு பிள்ளைச் செயல்முறையை உருவாக்கிவிடும். புதிதாக இணையும் ஒவ்வொரு பயனருக்கும் ஒரு பிள்ளை என்பதே போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் அமைப்பு. விண்டோஸில் அத்தகைய வசதி இல்லாததால், தாய்ச் செயல்முறை தன் நிலையை எழுதிவைத்துவிட்டுப் புத்தம் புதிய செயல்முறை ஒன்றைத் தொடங்க, அது அந்தக் குறிப்புகளைப் படித்துத் தன்னை நிரப்பிக்கொள்ள வேண்டியதாயிற்று. அதோடும் சிக்கல் தீரவில்லை. எல்லாச் செயல்முறைகளும் சேர்ந்து பயன்படுத்தும் பகிர்வு நினைவகம், அதனுள் முகவரிகளே சேமிக்கப்பட்டிருப்பதால், ஒவ்வொரு செயல்முறையிலும் ஒரே முகவரியில் அமைந்தாக வேண்டும். ஆனால், பிள்ளை கண்விழிப்பதற்குள் அந்த இடத்தை வேறொரு நிரல்நூலகம் பிடித்துக்கொள்ளும் விபத்து அவ்வப்போது நேர்ந்து, பயனரின் இணைப்பு காரணம் புரியாமல் தோற்றுப்போனது. பிள்ளையை உறக்க நிலையிலேயே உருவாக்கி, அதன் முகவரி வெளியில் உரிய இடத்தைத் தாயே முன்பதிவு செய்துவிட்டு, பிறகு ஓடவிடும் தந்திரம் 2009இல்தான் சேர்க்கப்பட்டது. திறந்திருக்கும் கோப்பை யூனிக்ஸ் தயக்கமின்றிப் பெயர் மாற்றவிடும், விண்டோஸ் மறுக்கக்கூடும் என்பதால், பெயர்மாற்றம் வெற்றிபெறும்வரை பத்து விநாடி அளவுக்கு மீண்டும் மீண்டும் முயலும் சுழற்சியும் எழுத வேண்டியிருந்தது. இந்த வேலைகளில் எதுவும் பயனருக்குப் புதிய வசதி ஒன்றைக்கூடத் தருவதில்லை என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம்.

செயலி மாறும்போது எழும் சிக்கல்கள் இவற்றைவிட நுட்பமானவை. இன்டெல் வகைச் செயலி, நினைவகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்பட்டவை பிற செயலிக் கருக்களுக்கும் அதே வரிசையில் தெரியும் என்று உறுதி தருகிறது. ஆர்ம், பவர் செயலிகள் அந்த உறுதியைத் தருவதில்லை. ஒரு பதிவைப் பிறர் தொடாதபடி பூட்டித் திருத்திவிட்டுப் பூட்டைத் திறந்தால், பூட்டு திறந்தது முதலிலும் திருத்தம் பின்னரும் அடுத்த கருவுக்குத் தெரியக்கூடும் என்பதால், வரிசையைக் காக்கும் தடுப்புக் கட்டளைகளை உரிய இடங்களில் இடுவது கட்டாயமாகிறது. ஒன்று விடுபட்டாலும் இன்டெல் கணினியில் ஆண்டுக்கணக்கில் பிழையின்றி ஓடிய நிரல், ஆர்ம் கணினியில் மிக அரிதாக, திரும்பச் செய்து காட்ட முடியாத வகையில் தடுமாறும்.

நிரலைக் கொண்டுசென்றாலும் தரவை அப்படியே கொண்டுசெல்ல இயலாது. ஓர் எண்ணின் பைட்டுகளில் பெரிய மதிப்புடையதை முதலில் வைக்கும் செயலிகளும் உண்டு, சிறியதை முதலில் வைப்பவையும் உண்டு. போஸ்ட்கிரெஸ்கியூஎல் தன் கட்டுப்பாட்டுக் கோப்பில் 1234567.0 என்ற எண்ணை எழுதிவைத்து, தொடங்கும் ஒவ்வொரு முறையும் அது அப்படியே திரும்ப வாசிக்கப்படுகிறதா என்று பார்க்கிறது. பொருந்தாவிட்டால் ஓட மறுத்துவிடுகிறது. எஸ்கியூலைட் என்ற மற்றொரு தரவுத்தள மென்பொருள் இதற்கு மாறாக ஒரே பைட் வரிசையைக் கோப்பு வடிவத்திலேயே நிலைநிறுத்தி, ஒரே கோப்பை எந்தக் கணினிக்கும் எடுத்துச்செல்ல வழிசெய்தது.

இடமாற்றம் என்றே எவரும் கருதாத இடமாற்றமும் உண்டு. எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதியைப் போஸ்ட்கிரெஸ்கியூஎல் நெடுங்காலம் இயங்குதளத்தின் நூலகத்திடமே விட்டிருந்தது. லினக்ஸின் ஜிலிப்சி நூலகம் 2018இல் 2.28 பதிப்பில் அவ்விதிகளை மாற்றியபோது, அமெரிக்க ஆங்கில அமைப்பில் ‘1-1’க்கு முன்னால் வந்துகொண்டிருந்த ‘11’ அதற்குப் பின்னால் போயிற்று. விரைவாகத் தேட உதவும் இண்டெக்ஸ்கள் பழைய வரிசையில் அடுக்கப்பட்டிருந்ததால், அட்டவணையில் இருக்கும் பதிவையே தேடல் ‘இல்லை’ என்றது. ஒருமுறைதான் இருக்கலாம் என்று விதிக்கப்பட்ட மதிப்பு இருமுறை நுழையவும் வழி திறந்தது. அதே செயலி, அதே லினக்ஸ், பதிப்பு மட்டுமே புதிது. பிறருடைய விதிகளின் மீது தன் கோப்புகளை அடுக்கிய வடிவமைப்பே இங்கு முதல் குற்றவாளி. 2024இல் போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் 17ஆம் பதிப்பில் இயங்குதளத்தைச் சாராத வரிசை முறை ஒன்று உள்ளேயே சேர்க்கப்பட்டது காலந்தாழ்ந்த திருத்தம்தான்.

மைக்ரோசாஃப்ட் தன் எஸ்கியூஎல் சர்வரை 2017இல் லினக்ஸுக்குக் கொண்டுவந்தபோது, விண்டோஸின் தேவையான பகுதிகளையே ஓர் இடைப்படலமாக உடன் எடுத்துச்சென்றது. பெருநிறுவனத்தின் வளம் இருந்தால் இது விவேகமான வழி. தன்னார்வலர்களின் உழைப்பில் நிற்கும் போஸ்ட்கிரெஸ்கியூஎல் போன்ற திட்டத்துக்கு அது கட்டுப்படியாகாது. பலவகைக் கணினிகளை வைத்திருப்போர் ஒவ்வொரு மாற்றத்தையும் தத்தம் கணினியில் தொகுத்துச் சோதித்து முடிவை அனுப்பும் ‘பில்ட்ஃபார்ம்’ ஏற்பாடே போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் காவல். சோதிக்கவோ பராமரிக்கவோ ஆளில்லாத தளத்துக்கு ஆதரவு உண்டு என்று ஆவணத்தில் எழுதிவைப்பது பயனரை ஏமாற்றுவதாகும் என்பதால், 16ஆம் பதிப்பில் ஹெச்பி-யூஎக்ஸ் இயங்குதளத்தையும் 17ஆம் பதிப்பில் ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ் இயங்குதளத்தையும் கைவிட்டது சரியான முடிவே. அரிதான கணினிகளில் தங்கள் தரவை நம்பி வைத்திருக்கும் நிறுவனங்கள், ஆதரவு விலக்கப்பட்ட பின் முறையிடுவதைவிட, அதே வகைக் கணினி ஒன்றையும் அதைப் பராமரிக்கும் பொறியாளரின் நேரத்தில் ஒரு பங்கையும் இந்தச் சோதனைக்கு இப்போதே ஒதுக்க வேண்டும்.