வீடு கட்ட யாரைக் கூப்பிடுவது?

"வீட்டைக் கட்டிப் பார்" என்று சும்மாவா சொன்னார்கள்? வீட்டுக்காரரின் பிராவிடண்டு பண்டும் உங்கள் நகை அடகுப் பணமும் செங்கல்லாக மாறப்போகிற சமயம். "மைத்துனர் சிபாரிசு, ரேட்டும் குறைவு" என்று யாரோ ஒரு காண்டிராக்டரிடம் ஒப்படைத்துவிடலாமா, சகோதரிகளே?

காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் இதற்கு யோசனை இருக்கிறது. பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுக்கள் அவை. ஏரி, தோட்டம் இவற்றைக் கவனிக்கும் வாரியங்களுக்குக் குடவோலை போட்டு ஆள் எடுத்ததைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் ஓலை குடத்துக்குள் போவதற்கு முன்பே பெயர்களைச் சலித்துவிடுவார்கள். சொந்த மனையில் வீடு உண்டா? வயது 35-க்கு மேல், 70-க்குள்ளா? முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கு இடமே இல்லை. அவன் உறவினருக்கும் கிடையாது!

நாமும் அப்படியே சலிப்போம். அவர் கட்டிய இரண்டு வீடுகளின் விலாசம் கேளுங்கள். ஒரு மழைக்காலத்தையாவது கண்ட வீடுகளாக இருக்கட்டும். அந்த வீட்டு அம்மாளிடம், "தளம் ஒழுகுகிறதா? பேசிய தொகைக்குள் முடித்தாரா? சிமெண்டு, கம்பிக்குக் கணக்குக் கொடுத்தாரா?" என்று விசாரியுங்கள். கடைசிக் கேள்விக்குப் பெருமூச்சு வந்தால், காப்பியைக் குடித்துவிட்டு வேறு ஆளைத் தேடுங்கள்.

நல்லவரே கிடைத்தாலும் பேச்சை எழுத்தில் வாங்குங்கள். வேலை நடக்க நடக்கப் பணம் கொடுங்கள். பூச்சையும் குழாயையும் பார்த்த பிறகே கடைசித் தவணை.

கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. நம் ஊரில் அது 1,100 வருஷத்து வழக்கம்!